மூளைத்தண்டில் மருந்து செலுத்தி இரத்த அழுத்தம் அளப்பது எப்படி: முதல் முறை இறங்குபவர்களுக்கு

எலியின் முகுளத்தில், அதாவது மூளைத்தண்டின் அடிப்பகுதியில், இரத்த அழுத்தத்தை இறக்கும் க்ளோனிடின் என்ற மருந்தைச் செலுத்தினீர்கள். அழுத்தம் இறங்கும் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது, ஆனால் திரையில் கோடு அசையவே இல்லை. மருந்து கெட்டுவிட்டதா, பிப்பெட் இடம் தவறிவிட்டதா என்று தேடுவதற்கு முன்னால், எலியைத் தூங்கவைக்க என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். கீட்டமினும் சைலசீனும் என்றால் விடை அங்கேயே இருக்கிறது. சைலசீனும் க்ளோனிடினைப் போலவே ஆல்ஃபா-2 ஏற்பியை (செல்லில் மருந்து ஒட்டி வேலை செய்யும் இடம்) தூண்டும் மருந்துதான். நீங்கள் பிடிக்க நினைத்த நாற்காலியில் காலையிலேயே வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

இந்தத் துறையில் வீணாகும் நாட்களில் பெரும்பங்கு இப்படித்தான் வீணாகிறது. ஏற்பியைப் பற்றிய கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள். மயக்க மருந்து, கரைசல், ஊசி போடும் வரிசை எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். கீழே உள்ள படிகள், மயக்கத்தில் இருக்கும் எலியில் ஒரே நாளில் முடியும் நுண்ஊசி ஆய்வுக்கானவை. விழித்திருக்கும் விலங்கில் செய்யும் முறை வேறு. அதன் விளைவும் சில இடங்களில் நேர் எதிராக இருக்கும்.

1. சுற்றை ஒரு தாளில் வரைந்து ஒட்டிக்கொள்ளுங்கள்

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் 9-ஆம், 10-ஆம் மண்டை நரம்புகள் வழியாக முகுளத்தின் முதுகுப் பக்கத்தில் உள்ள என்டிஎஸ் (நியூக்ளியஸ் டிராக்டஸ் சாலிடேரியஸ்) பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கே வெளிப்படுவது செல்களைத் தூண்டும் கிளூட்டமேட். என்டிஎஸ் செல்கள் முகுளத்தின் வயிற்றுப் பக்க ஓரத்தில், வால் பக்கமாக உள்ள சிவிஎல்எம்மைத் தூண்டுகின்றன. சிவிஎல்எம் செல்கள் செல்களை அடக்கும் காபாவை வெளியிட்டு, அதே ஓரத்தில் தலைப் பக்கமாக உள்ள ஆர்விஎல்எம்மை அடக்குகின்றன. ஆர்விஎல்எம்தான் தண்டுவடத்தில் உள்ள பரிவு நரம்புச் செல்களை இடைவிடாமல் தூண்டி, இரத்தக்குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் இடம். ஆகவே அழுத்தம் ஏறினால் ஆர்விஎல்எம் அடங்கும், குழாய்கள் தளரும். இதுதான் அழுத்த அனிச்சை. இதயத்துக்குத் தனிக் கிளை ஒன்று உண்டு. அது என்டிஎஸ்ஸிலிருந்து நியூக்ளியஸ் அம்பிகுவஸுக்குப் போய், அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் எம்-2 ஏற்பிகளை அடைகிறது.

இதில் மனப்பாடமாக வேண்டியது ஒரு வரிதான். என்டிஎஸ், சிவிஎல்எம், ஆர்விஎல்எம் என்ற வரிசையில், கிளூட்டமேட் கொடுத்தால் அழுத்தம் குறையும், குறையும், கூடும். காபாவைப் போலவே செல்களை அடக்கும் மஸ்கிமால் கொடுத்தால் கூடும், கூடும், குறையும். இதை எழுதி, எலியின் தலையை அசையாமல் பிடிக்கும் நிலைச்சட்டத்தின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஆறு மணி நேர அறுவைக்குப் பிறகு திசை குழம்பாத ஆள் கிடையாது.

விழித்திருக்கும் எலியின் என்டிஎஸ்ஸில் கிளூட்டமேட் கொடுத்தால் துடிப்பு குறையும், ஆனால் அழுத்தம் கூடும். மயக்க மருந்து சுற்றின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வேறு நிலையில் செய்த கட்டுரையோடு உங்கள் வரைபடத்தை ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

2. அனுமதித் தாள்கள்: மருந்து வாங்குவதற்கு முன்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் எதையும் தொடக்கூடாது. விண்ணப்பத்தில் அவர்கள் கேட்பவை: விலங்கின் இனம், பால், எடை, எண்ணிக்கை, அந்த எண்ணிக்கைக்கான கணக்கு; ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி; மயக்கத்தின் ஆழத்தை எப்படிச் சோதிப்பீர்கள்; எந்த நிலையில் ஆய்வை நிறுத்துவீர்கள்; முடிவில் உயிரைப் போக்கும் முறை; யார் எந்தப் பயிற்சி பெற்றவர். ஆய்வை எழுதி வெளியிடும்போது பின்பற்ற வேண்டிய அரைவ் 2.0 நெறிமுறையின் ‘அத்தியாவசியப் பத்து’ அம்சங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். மாதிரி எண்ணிக்கை, தற்செயல் ஒதுக்கீடு, விலக்கும் விதி ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்தால் பிறகு விளக்கம் தேட வேண்டியிராது.

ஒரே ஒரு தடுப்பான் மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. ஆய்வு நடுவில் வேறொன்று தேவைப்பட்டால் திருத்த விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு என்று இழுக்கும். மாற்று மருந்துகளையும், ஒற்றை அளவுக்குப் பதிலாக அளவு வரம்பையும் முதலிலேயே எழுதுங்கள். கை பழகுவதற்கான விலங்குகளையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கேளுங்கள். முதல் சில எலிகளில் தரவு வராது என்பதை மறைப்பதில் பயனில்லை. மண்டையைத் திறந்து முகுளத்தைக் காணும் பயிற்சியை, வேறு திட்டங்களில் ஏற்கெனவே உயிர்போன எலிகளிலேயே செய்துவிடலாம். குழுவும் அதைத்தான் விரும்பும்.

கீட்டமின், பென்டோபார்பிடால் போன்றவை பெரும்பாலான நாடுகளில் கட்டுப்பாட்டு மருந்துகள். உரிமம், பூட்டிய அலமாரி, எடைப் பதிவேடு எல்லாம் தனிக் கதை. நெறிமுறை விண்ணப்பத்தோடு சேர்த்தே அதையும் போடுங்கள். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போனால் காலம் இரட்டிக்கும். யூரித்தேன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் அதற்கான பாதுகாப்புத் தாளும் கழிவு அகற்றும் திட்டமும் வேண்டும்.

3. ஏற்பியைப் பார்த்து மயக்க மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆல்ஃபா-2 ஏற்பியைப் படிக்கிறீர்கள் என்றால் சைலசீனும் மெடடோமிடினும் கூடாது. கிளூட்டமேட்டின் ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பி என்றால் கீட்டமின் கூடாது, அது அந்த ஏற்பியின் தடுப்பான். காபாவின் ஏற்பியான காபா-ஏ என்றால் பென்டோபார்பிடாலும் ஐசோஃப்ளுரேனும் சிக்கல், இரண்டும் அந்த ஏற்பியின் வேலையைக் கூட்டுபவை. வேகஸ் நரம்பின் பங்கு வேண்டுமென்றால், எச்சில் சுரக்காமல் இருக்கக் கொடுக்கும் அட்ரோபின் முன்மருந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இதனால்தான் பல ஆய்வகங்கள் யூரித்தேனில் நிற்கின்றன. அதுவும் முற்றிலும் குறையற்றதல்ல, ஆனால் அழுத்த அனிச்சையை ஓரளவு விட்டுவைக்கிறது, ஒரு முறை கொடுத்தால் மணிக்கணக்கில் நிலைக்கிறது. அளவு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 300 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் 360 மில்லிகிராம். நூறு மில்லிலிட்டரில் 25 கிராம் கரைத்த கரைசலில் அது 1.44 மில்லிலிட்டர். முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். வயிற்றறைக்குள் மொத்தமாகக் கொடுத்தால் அங்கே நீர் கோத்து, இரத்த அளவு குறைந்து, அழுத்தம் கீழேயே கிடக்கும். ஐசோஃப்ளுரேனில் தூங்கவைத்து, சிரைக் குழாய் போட்டபின் யூரித்தேனைச் சிறிது சிறிதாகச் சிரை வழியே ஏற்றி, ஐசோஃப்ளுரேனைப் படிப்படியாக நிறுத்துவது நல்ல வழி. அதன்பின் ஐசோஃப்ளுரேன் முழுவதும் வெளியேற நேரம் கொடுங்கள். யூரித்தேன் கொடுத்த எலியை எழுப்பக் கூடாது. நாளின் முடிவில் அந்த மயக்கத்திலேயே உயிர் போக வேண்டும்.

தசைத் தளர்த்தியிலும் ஒரு பொறி உண்டு. காலமின், பான்குரோனியம் இரண்டும் இதயத்தின் எம்-2 ஏற்பிகளையும் தடுத்துத் துடிப்பை ஏற்றிவிடும். அதைவிட முக்கியமான விஷயம் மயக்கத்தின் ஆழம். தளர்த்தி கொடுத்தபின் பாதத்தைக் கிள்ளினால் கால் இழுக்காது, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துத்தான் ஆழத்தை முடிவு செய்வார்கள். ஆனால் ஆர்விஎல்எம்மை மஸ்கிமாலால் அணைத்துவிட்டால் அந்த அழுத்த ஏற்றமும் வராது. எலி ஆழ்ந்து தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள உங்களிடம் ஒன்றுமே மிஞ்சாது. அந்த வகை ஆய்வில் தசைத் தளர்த்தியைத் தவிர்ப்பதே சரி.

4. கரைசல்: எடை போடும் முன் குப்பியின் லேபிளைப் படியுங்கள்

ஒரே மருந்து வேறுவேறு உப்பாக வரும், மூலக்கூறு எடையும் மாறும். உப்பில்லாத மஸ்கிமாலின் எடை 114.10. அதுவே ஹைட்ரோபுரோமைடு உப்பாக வந்தால் ஏறத்தாழ 195. லேபிளைப் பார்க்காமல் பழைய கணக்கில் எடை போட்டால் மருந்து பாதிக்குச் சற்று மேல்தான் போகும், ஏன் விளைவு மெலிந்தது என்று பிப்பெட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கைக் கையால் ஒரு முறை போடுங்கள். கிளூட்டமேட்டின் ஒற்றைச் சோடிய உப்பு, ஒரு நீர் மூலக்கூறுடன், எடை 187.13. 50 மில்லிமோலார் கரைசல் 10 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் 93.6 மில்லிகிராம். அதில் 50 நானோலிட்டர் என்பது 2.5 நானோமோல். ஆர்விஎல்எம்மில் தெளிவான ஏற்றம் காட்ட இது போதும். மஸ்கிமால் 2 மில்லிமோலார் கரைசலில் 50 நானோலிட்டர் என்பது 100 பிக்கோமோல்.

செலவைப் பற்றி ஒரு சொல். ஏற்பி மருந்துகளின் விலை மில்லிகிராம் கணக்கில் இருக்கும், பெரிய குப்பி வாங்கினால் மிச்சம் என்று தோன்றும். 5 மில்லிகிராம் மஸ்கிமாலில் 2 மில்லிமோலார் கரைசல் சுமார் 22 மில்லிலிட்டர் வரும். 50 நானோலிட்டராகப் பிரித்தால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். உங்கள் ஆய்வகத்தின் ஆயுளுக்கும் அது தீராது. ஆகச் சிறிய குப்பியை வாங்குங்கள். நீர்க்கரைசலில் நிலைக்கும் மருந்துகளை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, தேதி எழுதி, உறைநிலையில் வையுங்கள். ஒரு முறை உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தை நல்ல அழுத்த அளவியில் போடுங்கள். பொதுவாக எல்லோரும் நிலைச்சட்டத்துக்குச் செலவழித்துவிட்டு, அழுத்த அளவியில் கையைச் சுருக்கிவிடுகிறார்கள்.

கிளூட்டமேட் ஏற்பிகளைத் தடுக்கும் கைனுரெனிக் அமிலம் நடுநிலை நீரில் எளிதில் கரையாது. சிறிது சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பிறகு பிஎச் 7.4-க்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கரைசலானாலும் பிஎச் பார்க்காமல் மூளைக்குள் விடாதீர்கள். அமிலமோ காரமோ தானாகவே செல்களைச் சுடவைக்கும், நீங்கள் அதை ஏற்பியின் விளைவு என்று எழுதுவீர்கள். காபா-ஏ தடுப்பானான பைக்குகுல்லின் இன்னொரு தொல்லை. உப்பில்லாத வடிவம் நீரில் சரியாகக் கரையாது, உடலின் பிஎச்சில் சிதையும். கரைவதற்காக மெத்தயோடைடு உப்பை வாங்கினால் அது காபா-ஏ ஏற்பியோடு எஸ்கே வகைப் பொட்டாசியம் வாய்களையும் அடைக்கிறது. காபாவைத் தடுத்ததால்தான் அழுத்தம் ஏறியது என்று சொல்ல வேண்டுமென்றால் காபசீன் என்ற தடுப்பான் சுத்தமான தேர்வு.

5. பிப்பெட்டும் கன அளவும்

கண்ணாடி பிப்பெட்டின் முனை 20 முதல் 50 மைக்ரோமீட்டர். கன அளவை விசைக்குழாயின் (சிரிஞ்சின்) எண்ணைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பிப்பெட்டில் உள்ள நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதை, அளவுகோல் பொருத்திய நுண்ணோக்கியால் பார்த்துச் சொல்லுங்கள். உள்விட்டம் 0.5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம் 196 நானோலிட்டர். அப்படியானால் 50 நானோலிட்டருக்கு மட்டம் இறங்க வேண்டியது கால் மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் மயிரிழை நகர்ந்ததுபோல் இருக்கும். அதனால்தான் நுண்ணோக்கி இல்லாமல் இது நடக்காது. மட்டம் நகரவே இல்லை என்றால் முனை அடைத்துக்கொண்டது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடைப்பு திடீரென்று விடுபட்டு, 500 நானோலிட்டர் ஒரே வீச்சில் உள்ளே போகும். அந்த எலி அதோடு சரி. வெளியே எடுத்து, முனையைத் துடைத்து, காற்றில் ஒரு துளி வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

50 நானோலிட்டர் ஒரு கோளமாகப் பரவினால் அதன் ஆரம் 0.23 மில்லிமீட்டர். 100 ஆக்கினால் 0.29. இது மருந்து மேலும் ஊறிப் பரவுவதைச் சேர்க்காத கணக்கு. எலியின் முகுளத்தில் அரை மில்லிமீட்டர் தள்ளினால் வேறொரு பகுதி வந்துவிடும் என்பதால், 100 நானோலிட்டருக்கு மேல் போகாதீர்கள். விளைவு வரவில்லை என்று கன அளவைக் கூட்டுவது, விளக்கு எரியவில்லை என்று ஊருக்கே வெளிச்சம் போடுவதுபோல. ஏதோ ஒன்று தெரியும், எது எரிகிறது என்று மட்டும் தெரியாது.

6. தமனிக் குழாயும் அழுத்த அளவியும்

தொடைத் தமனியில் ஒரு குழாய் அழுத்தத்துக்கு, தொடைச் சிரையில் இன்னொன்று மருந்துக்கு. தமனிக் குழாயில் ஹெப்பாரின் கலந்த உப்புநீர். அளவியைத் தினமும் காலையில் பாதரச மானியோடு 0, 50, 100, 150, 200 என்று ஐந்து புள்ளிகளில் ஒப்பிடுங்கள். அளவி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் கீழே வைத்தால் 7.4 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். நீங்கள் தேடும் விளைவே 15 என்றால் இது சின்ன விஷயம் இல்லை. மேசையின் உயரத்தை நடுவில் மாற்றினால் அளவியையும் மாற்றுங்கள்.

குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றால் அலை மழுங்கும். மேல் அழுத்தம் குறையும், கீழ் அழுத்தம் கூடும், சராசரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும். ஆனால் அலையிலிருந்து துடிப்பை எண்ணும் மென்பொருள் பாதித் துடிப்புகளைத் தவறவிடும். துடிப்பு திடீரென்று சரிபாதியாகக் குறைந்ததாகத் திரை காட்டினால், மருந்தைச் சந்தேகிக்கும் முன் அலையை விரித்துப் பாருங்கள். நொடிக்கு 1000 புள்ளிகள் பதிவு செய்தால் போதும்.

சிரைக் குழாயில் எல்லோரும் சறுக்கும் இடம் அதன் வயிறு. உள்விட்டம் 0.58 மில்லிமீட்டர் உள்ள பிஇ-50 குழாய், 30 சென்டிமீட்டர் நீளத்தில் 80 மைக்ரோலிட்டர் பிடிக்கும். 100 மைக்ரோலிட்டர் மருந்து தள்ளியதோடு நிறுத்தினால் எலிக்குப் போனது 20 தான். மீதி குழாயில் காத்திருந்து அடுத்த மருந்தோடு சேர்ந்து போகும். ஒவ்வொரு முறையும் 200 மைக்ரோலிட்டர் உப்புநீரால் கழுவித் தள்ளுங்கள். உப்புநீர் மட்டும் தள்ளினால் என்ன ஆகிறது என்பதையும் ஒரு முறை பதிவு செய்து வையுங்கள்.

உடல் வெப்பம் 37 டிகிரி, அரை டிகிரிக்குமேல் விலகக்கூடாது. மூச்சுக்குழாயில் குழாய் போடுங்கள். கார்பன் டையாக்சைடு ஏறினால் ஆர்விஎல்எம் தானாகவே கிளம்பும், அடிப்படைக் கோடு மிதக்க ஆரம்பிக்கும்.

7. ஊசி போடும் முன்: அனிச்சை உயிரோடு இருக்கிறதா?

அறுவை முடிந்து 30 நிமிடம் எதையும் தொடாதீர்கள். பிறகு இரத்தக்குழாய்களை இறுக்கும் ஃபினைல்எஃப்ரின், கிலோவுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம், சிரை வழியே. அழுத்தம் 30, 40 மி.மீ. ஏறும்போது துடிப்பு இறங்க வேண்டும். குழாய்களைத் தளர்த்தும் சோடியம் நைட்ரோபுருசைடு, கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், கொடுத்தால் எதிர்மாறாக. நைட்ரோபுருசைடு ஒளியில் சிதைவதால் விசைக்குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். அழுத்தம் ஏறியும் துடிப்பு அசையவில்லை என்றால் மயக்கம் மிக ஆழம், அல்லது அறுவையில் வேகஸ் நரம்பு நசுங்கியிருக்கிறது. கழுத்தில் மூச்சுக்குழாயைத் தேடும்போது கழுத்துத் தமனியை ஒட்டிப் போகும் அந்த வெள்ளை நூலை இழுத்துவிடுவது மிகவும் சுலபம். இந்தச் சோதனையில் தோற்ற எலியில் மேலே போகாதீர்கள், ஆறு மணி நேரம் மிச்சம்.

8. இடம் பிடித்தல்

எலியைக் குப்புறப் போட்டு, தலையைக் கீழ்நோக்கி வளைத்து, பிடரித் தசைகளை விலக்கி, சவ்வைத் திறந்தால் நான்காம் மூளையறையின் வால் முனையில் ‘வி’ வடிவத்தில் ஒரு முனை தெரியும். அதுதான் கலாமஸ் ஸ்கிரிப்டோரியஸ். அளவெல்லாம் அங்கிருந்து. என்டிஎஸ்ஸுக்கு முன்னால் 0.4 முதல் 0.5, பக்கவாட்டில் 0.5, மேற்பரப்பிலிருந்து ஆழம் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். ஆர்விஎல்எம்முக்கு முன்னால் சுமார் 1.8 முதல் 2.0, பக்கவாட்டில் 1.8 முதல் 2.0, ஆழம் 3.0 முதல் 3.5. சிவிஎல்எம் கிட்டத்தட்ட அதே பக்கவாட்டுத் தூரத்தில், கலாமஸ் மட்டத்துக்குச் சற்றே முன்னால். தலையின் கோணமும் எலியின் எடையும் மாறினால் இவை மாறும். இவற்றை முகவரி என்று நம்பாமல், தெருவின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் கண்டுபிடிப்பது கிளூட்டமேட்டின் வேலை.

ஆர்விஎல்எம்முக்கு இறக்கும்போது 0.2 மில்லிமீட்டர் படிகளில் இறங்கி, ஒவ்வொரு நிலையிலும் கிளூட்டமேட் சிறிது கொடுத்துப் பாருங்கள். சில நொடிகளில் செங்குத்தாக ஏறி, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும் ஏற்றம் எங்கே ஆகப் பெரிதாக வருகிறதோ அதுவே இடம். மெதுவாகத் தவழ்ந்து ஏறினால் நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், மருந்து ஊறிப் போய்த்தான் சேர்கிறது. அழுத்தத்தோடு மூச்சும் நின்றால் மூச்சை இயக்கும் செல்களின் நடுவே இறங்கியிருக்கிறீர்கள். அவை ஆர்விஎல்எம்மை ஒட்டியே இருக்கின்றன. மூச்சு நின்ற எலியில் அழுத்தம் மாறுவது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த கிளூட்டமேட்டுக்கு நடுவே 10 முதல் 15 நிமிடம் விடுங்கள், அவசரப்பட்டால் பதில் தேய்ந்துகொண்டே போகும். அதே கன அளவில் உப்புநீர் மட்டும் செலுத்தினால் 5 மி.மீ.-க்கு மேல் அசையக்கூடாது. அசைந்தால் முனை பெரிது, அல்லது தள்ளும் வேகம் அதிகம்.

9. மருந்துகளின் வரிசை

குறுகிய நேரம் வேலை செய்வது முதலில், நீண்டது கடைசியில். கிளூட்டமேட் காலையில், மஸ்கிமால் மாலையில். மஸ்கிமால் கொடுத்த இடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்காது. ஆர்விஎல்எம்மில் ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் மறுபக்கம் ஓரளவு ஈடுகட்டிவிடும். இரண்டு பக்கமும் கொடுத்தால் சராசரி அழுத்தம் 50 மி.மீ. அருகே, நரம்புமுடிச்சுகளையே அடைத்ததுபோல், வந்து நிற்கும். அப்படி நின்றால் இடம் சரி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். என்டிஎஸ்ஸில் இரண்டு பக்கமும் கொடுத்தால் அழுத்தம் எகிறும். கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், நுரையீரலில் நீர் கோத்து எலி போய்விடலாம்.

க்ளோனிடினைச் சிரை வழியே கொடுத்தால் முதலில் அழுத்தம் ஏறும், பிறகுதான் இறங்கும். அந்த முதல் ஏற்றம் இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளால் வருவது, மூளைக்கு அதில் பங்கில்லை. ஏற்றத்தைப் பார்த்ததும் மருந்து தவறு என்று எறிந்துவிடாதீர்கள். ஆர்விஎல்எம்மில் நேராகக் கொடுத்தால் அந்த ஏற்றம் இல்லாமல் இறக்கம் மட்டும் வரும்.

இந்த இறக்கம் ஆல்ஃபா-2 வழியாகவா, க்ளோனிடின் ஒட்டும் இன்னொரு இடமான இமிடசோலின் ஐ-1 பிணைப்பிடம் வழியாகவா என்ற வழக்கில் நீங்கள் கட்டாயம் மாட்டுவீர்கள். மாக்சோனிடின், ரில்மெனிடின் இரண்டையும் ஐ-1 மருந்துகள் என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் அவையும் ஆல்ஃபா-2வைத் தொடுபவையே. ஆல்ஃபா-2ஏ ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய சுண்டெலிகளில் ஆல்ஃபா-2 தூண்டிகள் அழுத்தத்தை இறக்கவில்லை என்று 1996-இல் காட்டினார்கள். ஆல்ஃபா-2 தரப்புக்கு அதுவே மிக வலுவான சான்று. உங்கள் ஆய்வில் இதைப் பிரிக்க வேண்டுமென்றால் தடுப்பானை யோசித்து எடுங்கள். இடசாக்சான், எஃபராக்சான் இரண்டும் இரண்டு இடத்திலும் ஒட்டும், அவற்றை வைத்து எதையும் பிரிக்க முடியாது. யோஹிம்பின் என்ற ஆல்ஃபா-2 தடுப்பான் செரோடோனினின் 5-எச்டி1ஏ ஏற்பியிலும் ஒட்டும், அந்த ஏற்பியும் அழுத்தத்தை இறக்கக்கூடியது. 2-மெத்தாக்சி இடசாக்சான் ஆல்ஃபா-2வைத் தடுத்து இமிடசோலின் இடத்தை ஏறத்தாழ விட்டுவிடுகிறது. குறைந்தது இரண்டு தடுப்பான்களாவது இல்லாமல் ஏற்பியின் பெயரைத் தலைப்பில் போட வேண்டாம்.

தடுப்பானைக் கொடுத்துவிட்டு, முதலில் அது தன் வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் கிளூட்டமேட் மறுபடி கொடுங்கள். கிளூட்டமேட்டின் ஏற்றமும் மறைந்திருந்தால் நீங்கள் ஏற்பியைத் தடுக்கவில்லை, செல்லையே மயங்கவைத்திருக்கிறீர்கள். செறிவைக் குறையுங்கள்.

10. துடிப்பு மாறியது எந்த நரம்பால்?

துடிப்பு குறைந்தது என்று மட்டும் எழுதினால் பாதி வேலை. பரிவு நரம்பு தளர்ந்ததா, வேகஸ் இறுகியதா? இதயத்தில் பரிவு நரம்பின் விளைவைத் தடுக்கும் அட்டெனலாலும், வேகஸின் விளைவைத் தடுக்கும் மெத்தில்அட்ரோபினும் இதற்கு உதவும். இரண்டும் மூளைக்குள் எளிதில் நுழையாதவை. சாதாரண அட்ரோபினும் புரோப்ரனோலாலும் நுழையும், நீங்கள் படிக்கும் இடத்தையே கலக்கும். அட்டெனலால் கொடுத்தபின்னும் இறக்கம் மிஞ்சினால் அது வேகஸின் பங்கு. யூரித்தேனில் வேகஸ் ஏற்கெனவே மந்தமாக இருப்பதால் அந்தப் பங்கு சிறிதாகத்தான் தெரியும். பெரிதாக வரவில்லையே என்று முடிவுக்கு வராதீர்கள். ஈடுகட்டும் அழுத்த அனிச்சையையும் மறக்க வேண்டாம். மருந்து அழுத்தத்தை இறக்கினால் துடிப்பு ஏறவேண்டும். ஏறாமல் சும்மா இருப்பதும் ஒரு விளைவுதான்.

11. இடத்துக்கான சான்று

கடைசி ஊசியோடு 2 சதவீத பொன்டமைன் ஸ்கை ப்ளூ என்ற நீலச் சாயத்தை 50 நானோலிட்டர் விடுங்கள். மூளையை எடுத்து 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் வைத்து, 40 மைக்ரோமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஆர்விஎல்எம் என்றால் நீலப்புள்ளி முகநரம்பு உட்கருவின் வால் முனைக்குச் சற்றே பின்னால், நியூக்ளியஸ் அம்பிகுவஸுக்குக் கீழே இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் துண்டுகளின் ஒரு பக்கத்தில் ஊசியால் கீறி இடம், வலம் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் துண்டைக் கண்ணாடியில் புரட்டிப் போட்டு, எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் நிற்பது வாராவாரம் நடக்கும்.

புள்ளி தவறிய எலியைத் தூக்கி எறியாதீர்கள். அரை மில்லிமீட்டர் தள்ளிக் கொடுத்த அதே மருந்து ஒன்றும் செய்யவில்லை என்பதே உங்கள் ஆய்வின் இடக் கட்டுப்பாடு. ஆனால் புள்ளியைப் பார்ப்பவருக்கு அந்த எலியின் அழுத்த வரைபடம் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் விளைவு வந்த எலிகளில் எல்லாம் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கும்.

எண்ணிக்கையில் எலிதான் கணக்கு, ஊசி கணக்கில்லை. ஆறு எலியில் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஊசி போட்டால் எண்ணிக்கை ஆறு, இருபத்துநான்கு இல்லை. அடிப்படை அழுத்தம் 70-ல் இருந்த எலி 20 இறங்குவதும் 110-ல் இருந்தது 20 இறங்குவதும் ஒன்றல்ல என்பதால், மாற்றத்தோடு அடிப்படை எண்ணையும் ஒவ்வொரு எலிக்கும் அட்டவணையில் தனித்தனியாகக் கொடுங்கள்.